இராத்திரி கரண்ட்

எங்கள் லைனுக்கு மும்முனை கரண்ட் ஒரு வாரம் பகலில் வரும், அடுத்த வாரம் இரவில் வரும். இரவு முறை என்றால் பதினோரு மணிக்கு வந்து விடியற்காலை நாலரைக்குப் போய்விடும். மோட்டார் ஓடுவது அந்த ஐந்தரை மணி நேரம்தான். அதற்குள் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்தாக வேண்டும்.

2025 தை அமாவாசை வாரத்தில் எங்களுக்கு இரவு முறை விழுந்தது. பொங்கலுக்கு வராமல் சேர்த்து வைத்திருந்த லீவைப் போட்டுக்கொண்டு ஆம்பூரிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். அங்கே ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. ஊர் திருப்பத்தூருக்கும் ஆலங்காயத்துக்கும் நடுவில். ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை, நடுவே தட்டில் கூழ் ஊற்றி வைத்த மாதிரி எங்கள் நிலம்.

அண்ணனுக்கு அன்று முதுகுப் பிடிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். "நீயே போடா. நான் போனா வரப்புலயே படுத்துக்குவேன்" என்றான். அண்ணி பனிக்குல்லாவை எடுத்துக் கொடுத்தார். அம்மா தன் கம்பளியைக் கொடுத்து, "விரியன் கெடக்கும், பாத்துப் போ" என்றாள். குளிரில் பாம்பு வெளியே வராது என்று நகரத்தில் சொல்லிக்கொள்வார்கள். கண்ணாடி விரியனுக்கு அது தெரியாது. மார்கழி, தையில்தான் அது இணை தேடி இரவெல்லாம் அலையும். அண்ணனின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மம்முட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டு வாசலில் புதிதாக ஒரு எல்.இ.டி. தெருவிளக்கு. அதைத் தாண்டும் வரைக்கும் வானம் என்று ஒன்று இல்லை. ஏரிக்கரை திரும்பியதும் விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடும். அங்கிருந்து பத்து நிமிடம் நடை. முதலில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, கால்தான் பாதையை அறியும். நடக்க நடக்க ஒவ்வொன்றாக நட்சத்திரம் கூடும். கிணற்று மேட்டுக்கு வந்து சேரும்போது தலைக்கு மேல் இடமே இருக்காது.

இந்த வருடம் அப்படியொரு இரவுக்கு நிறையக் காத்திருக்க வேண்டியிருந்தது. கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் கிணறு நான் பார்த்து இத்தனை வருடத்தில் இப்படி நிறைந்ததில்லை. அதற்கப்புறமும் மழை போகிற வழியாய் இல்லை. போகி அன்றும் மேகமூட்டம் என்று அண்ணன் போனில் சொன்னான். வடகிழக்குப் பருவமழை விலகிவிட்டது என்று அறிவித்ததே ஜனவரி 27-ம் தேதிதான். மறுநாள் நான் ஊருக்கு வந்தேன். அதற்கும் மறுநாள் தை அமாவாசை. மழையில் கழுவிய வானம், நிலா கிடையாது, காற்று வடக்கிலிருந்து காய்ந்து வருகிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது வருடத்துக்கு நான்கைந்து இரவுதான். அதில் ஒன்று இரவுக் கரண்ட்டோடு வந்து விழுந்தது.

குளிர் என்று சொன்னால் ஆம்பூரில் என்னோடு வேலை செய்கிற வடக்கத்திப் பையன்கள் சிரிக்கிறார்கள். திருப்பத்தூரில் தை மாத இரவில் 15 டிகிரிக்குப் பக்கம் இறங்கும், அவ்வளவுதான். ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரியில் வெந்த உடம்பு இது. பதினைந்துக்கே பல் தந்தி அடிக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். வானிலைச் செய்தியில் சொல்லும் கணக்கு ஆள் உயரத்தில் நிழலில் தொங்கும் வெப்பமானியுடையது. தரை அதைவிடச் சில்லிட்டிருக்கும். பகலெல்லாம் வாங்கிய சூட்டை நிலம் இரவில் மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், அதனால் மழைக்கால இரவு கதகதப்பு. மேகமும் ஈரமும் இல்லாத இரவில் சூடு தடையில்லாமல் போய்விடும். மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்துத் தண்ணீர் மாதிரியே வழிந்து கீழே எங்கள் தட்டில் தேங்கும். கிணற்று மேட்டில் நின்றால் தெரியாது. நான்கு படி இறங்கி வாய்க்கால் பக்கம் வந்தால் முழங்காலில் சுருக்கென்று பிடிக்கும். குளிர் அங்கே குட்டையாக நிற்கிறது.

ஆக, நட்சத்திரம் இவ்வளவு தெரிவதும் காது மடல் விறைப்பதும் ஒரே காரணத்தால்தான். வானம் போர்வையை எடுத்துவிட்டது. ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்று நாம் கேட்க முடியாது. இது புரிந்த பிறகு எனக்குக் குளிர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. பனிக்குல்லாவைக் கழற்றும் அளவுக்கு இல்லை.

பதினொன்று பத்துக்குக் கரண்ட் வந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். குழாய் இரண்டு முறை இருமியது. காற்று, காற்று, அப்புறம் தண்ணீர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஊருக்கு வராதவர்கள் நம்ப மாட்டார்கள். தை மாத இரவில் கிணற்றுத் தண்ணீர் சுடும். சுடும் என்றால் வெந்நீர் மாதிரி இல்லை, குளித்து முடித்த குழந்தையின் முதுகு மாதிரி. நிலத்தடித் தண்ணீருக்குக் கோடை, குளிர் என்று பெரிய வேறுபாடு கிடையாது. மே மாதத்தில் ஜில்லென்று இருக்கும் அதே தண்ணீர், குளிர்காலத்தில் வெதுவெதுப்பு. மேலே இருக்கும் காற்றுதான் மாறுகிறது. தொட்டியில் விழும் இடத்தில் டார்ச்சை அடித்தால் ஆவி எழும்புவது தெரியும். "கிணறு பொகையுது" என்பார்கள் எங்கள் பக்கம். பூட்ஸைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் கால் வைத்தேன். (விரியன் பற்றி அம்மா சொன்னது நினைவிருந்தது. வாய்க்காலை ஒருமுறை டார்ச்சடித்துப் பார்த்துவிட்டுத்தான்.) கணுக்கால் வரை வெதுவெதுப்பு, அதற்கு மேல் தைக் குளிர். காதில் குல்லா, காலில் வெந்நீர், நடுவில் ஒருத்தன் நடுங்கிக்கொண்டு. அப்படியே நின்று தலையை நிமிர்த்தினேன்.

உச்சிக்கு மேல் கொஞ்சம் வடக்கே தள்ளிச் செவ்வாய். அந்த மாதம் பூமிக்குப் பக்கத்தில் வந்திருந்ததால் அடுப்புத் தணல் மாதிரி இருந்தது. அதற்குப் பக்கத்தில் புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்கள், அண்ணன் தம்பி மாதிரி ஜோடியாக. மேற்கே சாய்ந்த பக்கம் வியாழன், ரோகிணிக்குப் பக்கத்தில். ரோகிணியும் சிவப்பு, செவ்வாயும் சிவப்பு; இரண்டுக்கும் நடுவே திருவாதிரை, அதுவும் சிவப்பு. தெற்கே நல்ல உயரத்தில் சிரியஸ். அதற்கும் கீழே, தென்னை மட்டைகளை ஒட்டி, அகத்தியர் என்கிற நட்சத்திரம். டெல்லிக்காரனுக்கு அகத்தியர் அடிவானத்தில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார். எங்களுக்கு ஒரு பனைமரத்து உயரத்தில் நின்று முகம் காட்டுவார். வெள்ளியும் சனியும் முன்னிரவிலேயே மேற்கே இறங்கிவிட்டன. அந்த வாரம் முழுக்க, கோள்கள் அணிவகுப்பு, நூறு வருடத்துக்கு ஒருமுறை என்று வாட்ஸ்ஆப்பில் ஓடிக்கொண்டிருந்தது. நூறு வருடம் எல்லாம் சும்மா. ஆனால் அதைப் படித்துவிட்டாவது நாலு பேர் மாடிக்குப் போயிருப்பார்கள், போகட்டும்.

திருவாதிரையைப் பற்றி ஒரு கதை உண்டு. 2019 டிசம்பரிலிருந்து 2020 பிப்ரவரி வரை அந்த நட்சத்திரம் மங்கிக்கொண்டே போனது. வெடிக்கப் போகிறது என்று கூடப் பேசினார்கள். கடைசியில், அது தானே கக்கிய தூசு தன் முகத்தையே மறைத்துக்கொண்டது என்று கண்டுபிடித்தார்கள். நானே கவனித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பேப்பரில் படித்துவிட்டு, அடுத்த இரவுக் கரண்ட்டுக்கு வந்தபோது பார்த்தேன். ரோகிணியையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் எது பிரகாசம் என்று சொல்ல முடியவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த முகம் சோகை பிடித்த மாதிரி இருந்தது. அடுத்த மாதமே தேறிவிட்டது.

மார்கழித் திருவாதிரை அன்று கோயிலில் களி கொடுப்பார்கள், எல்லாருக்கும் தெரியும். அன்று திருவாதிரையை வானத்தில் தேடியவர்கள் குறைவு. தேடினாலும் சரியாகத் தெரியாது, ஏனென்றால் அன்று பௌர்ணமியை ஒட்டி நிலா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கார்த்திகை மாதத்துப் பௌர்ணமி கார்த்திகை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வரும், தைப் பௌர்ணமி பூசத்துக்குப் பக்கத்தில். மாதங்களின் பெயரே இப்படி வந்ததுதான். குளிர்காலப் பௌர்ணமிக்கு இன்னொரு குணமும் உண்டு. சூரியன் தெற்கே தாழ்ந்து போகிற மாதங்களில் முழுநிலா நேர்மாறாக உச்சிக்கு ஏறும். போன வருடத்துப் பௌர்ணமியில் நடுராத்திரி இதே வரப்பில் நின்றபோது என் நிழல் என் காலடியிலேயே சுருண்டு கிடந்தது, சித்திரை மாதத்து மதியம் மாதிரி. அண்ணனிடம் சொன்னால், "அப்டியா, நான் டார்ச் இல்லாம மடை திருப்பினேன், அதான் தெரியும்" என்றான்.

அண்ணனை இந்த இடத்தில் விட்டுவிட முடியாது. அவன் வருடத்தில் பாதி வாரம் இந்த வேலையைச் செய்கிறான். மழையில், கொசுக்கடியில், காய்ச்சலோடு. அவன் வாயிலிருந்து இரவு அழகு என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. நான் வருடத்துக்குப் பத்து இரவு வந்து நின்றுவிட்டு எழுதுகிறேன். அழகு என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளத்தோடு லீவு கிடைக்கிறது.

சரி, கடலை. மார்கழிப் பட்டத்தில் போட்டது, நாற்பது நாள் ஆகிறது, பூ எடுத்து விழுது இறங்கும் நேரம். இப்போது தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது. டார்ச்சின் முகத்தில் ஒரு சிவப்பு ஜிகினாத் தாளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தேன். வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக அரை மணி நேரம் ஆகும். சிவப்பு அவ்வளவு கெடுக்காது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் கடலைச் செடி முழுக்கத் தூங்குகிறது. ஒவ்வொரு காம்பிலும் நான்கு இலை. பகலில் விரித்த கைபோல இருப்பவை இரவில் இரண்டிரண்டாகச் சேர்ந்து கும்பிட்ட கையாக மூடிக்கொள்ளும். மூடிய இலைகளின் ஓரத்தில் பனி வரிசையாக, ஊசியில் கோர்க்கக் காத்திருக்கும் பாசி மாதிரி. ஒரு செடியை விரலால் தட்டினேன். அத்தனையும் ஒரே நேரத்தில் உதிர்ந்து மண் கருத்தது. அடுத்த செடியைத் தட்ட மனம் வரவில்லை.

பனிக்கு நம் ஆட்கள் கொடுத்த மரியாதையை நினைத்துக்கொள்வேன். ஆறு பெரும்பொழுதில் இரண்டைப் பனிக்கே ஒதுக்கியிருக்கிறார்கள், முன்பனி, பின்பனி என்று. உறைபனி விழாத சமவெளிக்காரர்கள் செய்த வேலை இது. இலையில் கோர்க்கும் இந்த நீரைத்தான் 'பெய்கிறது' என்றும் சொல்கிறோம், மழையைச் சொல்வது போலவே. உண்மையில் மேலிருந்து எதுவும் விழவில்லை. சில்லிட்ட இலையில் பக்கத்துக் காற்றின் ஈரம் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் கம்பளியில் கை வைத்துப் பார்த்தால் பெய்தது என்றுதான் சொல்லத் தோன்றும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பாள் அம்மா. எங்கள் வீட்டில் மச்சு இல்லாததால் தையே போதும்.

இந்த வானப் பைத்தியம் எனக்குப் பிடித்தது காவலூரில். எங்கள் ஊரிலிருந்து ஆலங்காயம் போய், அங்கிருந்து ஜவ்வாது மலை ஏறினால் வரும் ஊர். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. கொடைக்கானலில் மேகம் தொல்லை செய்ததால், நட்சத்திரம் பார்க்க வேறு இடம் தேடிய வானியலாளர் வைனு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். சுமார் 725 மீட்டர் உயரம், சந்தன மரங்கள், சுற்றிலும் பெரிய ஊர் இல்லை. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆரம்பித்து, 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று நின்றவர் அவர். அது முடிவதற்குள் 1982-ல் இறந்துபோனார். 1986-ல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1988-ல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர். கும்பகோணத்துப் பிள்ளை சூரியனைச் சுற்றுகிறார், கண்டுபிடித்தது எங்கள் மலை. இதை ஆம்பூரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, கூகுள் செய்து காட்ட வேண்டியிருக்கிறது.

அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனோம். பெரிய தொலைநோக்கியை வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்தது. அதன் கூண்டே ஒரு நெல் குடோன் அளவு. சின்னதொன்றில் வியாழனைக் காட்டினார்கள். பட்டாணி அளவு வட்டம், பக்கத்தில் நான்கு புள்ளி. பிள்ளை பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "சித்தப்பா, நாலும் ஒரே கோட்டுல நிக்குது, யாரோ வரிசையா நிக்கச் சொன்ன மாதிரி" என்றாள். அடுத்த வாரமே ஆம்பூர் பழைய சாமான் கடையில் 1,200 ரூபாய்க்கு ஒரு பைனாகுலர் வாங்கினேன். இடது கண்ணில் கொஞ்சம் பூஞ்சை. பரவாயில்லை, எனக்கும் இடது கண்ணில்தான் பவர் அதிகம்.

அந்த பைனாகுலரால்தான் அன்றைக்கு வம்பு.

பன்னிரண்டரை இருக்கும். மூன்றாவது பாத்திக்கு மடையைத் திருப்பிவிட்டு, கிணற்று மேட்டில் கம்பளியை விரித்து மல்லாந்து படுத்தேன். திருவாதிரைக்குக் கீழே வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்கும் கீழே தொங்கும் சின்ன வரிசையில் நடுவில் ஒரு புகை. வெறும் கண்ணுக்கே பஞ்சு மாதிரி தெரிவது பைனாகுலரில் விரிந்து ஒரு சிறகு போல ஆகிறது. அது ஓரியன் நெபுலா, நட்சத்திரங்கள் பிறக்கிற இடம். கை நடுங்காமல் இருக்க முழங்கையை மார்பில் ஊன்றி, மூச்சை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குளிர்ந்த இரவில் சில்வண்டு கூட மெதுவாகத்தான் கத்தும், ஒவ்வொரு கத்தலுக்கும் நடுவில் யோசிப்பது போல. எங்கோ ஒரு ஆள்காட்டிக் குருவி. மேற்கே திருப்பத்தூர் லைனில் சரக்கு ரயில் ஒன்று சேலம் பக்கம் போனது. எட்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. பகலில் ஒருநாளும் அந்தச் சத்தம் எங்கள் நிலத்துக்கு வந்ததில்லை. கீழே குளிர்ந்த காற்று, அதற்கு மேல் சூடான காற்று என்று அடுக்காக நிற்கும் இரவில் சத்தம் மேலே தப்பிப் போகாமல் வளைந்து தரைக்கே வரும். பெட்டி பெட்டியாக எண்ணலாம் போல இருந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"ஏம்பா, தண்ணி எங்க பாயுது, நீ எங்க பாத்துகினு கீற?"

பக்கத்து நிலத்து மாமா. அவருக்கும் அன்றுதான் முறை. எழுந்து பார்த்தால் மூன்றாவது பாத்தி நிறைந்து, வரப்பில் ஒரு நண்டு வளை வழியாக உடைத்துக்கொண்டு, தண்ணீர் அவர் கேழ்வரகுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நட்டு பத்து நாள் கூட ஆகாத நாற்று. ஓடிப்போய் மண்ணை வெட்டிப் போட்டேன், அது கரைந்தது. மறுபடி வெட்டிப் போட்டேன். அவர் பீடியை வாயில் வைத்தபடியே இறங்கி வந்து, ஒரு கோரைப் புல் கட்டியை வேரோடு பிடுங்கி ஓட்டையில் திணித்து மிதித்தார். நின்றுவிட்டது. கால் மணி நேரமாக நான் செய்யாததை ஒரே மிதி.

"மன்னிச்சுக்கோங்க மாமா."

"எனுக்கும் நாளைக்குத் தண்ணி கட்டணும், உடு. ஒரு பாத்தி மிச்சம்." கோபம் இல்லாத மாதிரித்தான் சொன்னார். ஆனால் மறுநாள் காலை டீக்கடையில் ஊருக்கே தெரிந்திருந்தது.

மேட்டில் வந்து உட்கார்ந்தார். காய்ந்த தென்னை மட்டையைச் சேர்த்துக் கொளுத்தினார். என் கண்ணின் இருட்டுப் பழக்கம் அத்தோடு போயிற்று, ஆனால் கேட்கிற நிலைமையில் நான் இல்லை. கையை நெருப்பில் காட்டிக்கொண்டே, "அந்தக் கொழல குடு" என்றார். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நெருப்புக்கு முதுகைக் காட்டி நெடுநேரம் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இன்னா கீது இதுல? வெள்ளையா, மூக்குச் சளி மாதிரி."

ஓரியன் நெபுலாவைப் பற்றி நான் கேட்டவற்றிலேயே சரியான வர்ணனை அதுதான். அதற்கப்புறம் என்னால் அதை வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் கண்ணால் மேற்கே பார்த்தார். அறுமீன், அதாவது கார்த்திகைக் கூட்டம், சாய்ந்து மரத்து உச்சியைத் தொடப் போகிறது. அவருடைய அப்பா காலத்தில் மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்தபோது, அறுமீன் அந்த மலை விளிம்பில் இறங்கினால் மாட்டை எழுப்பிப் பூட்டுவார்களாம். கடிகாரம் கிடையாது. "இப்பத்திக்கு அது எத்தினி மணிக்கு எறங்குது?" என்று என்னையே கேட்டார். ஒன்றே முக்கால் இருக்கும் என்றேன். "அப்ப நாங்க இந்த மாசத்துல சீக்கிரமா எழுந்துட்டுகீறோம்" என்று தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு இரவும் அது நான்கு நிமிடம் முன்னதாக இறங்கும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். மாட்டுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தால் சண்டைக்கு வந்திருக்கும்.

அப்புறம் அவர் கவலையெல்லாம் மாமரத்தைப் பற்றித்தான். இரவு குளிர்ந்து காய்ந்திருந்தால் மா நன்றாகப் பூக்கும். இந்த வருடம் மழை நீண்டதால் பூ தாமதம், இப்போதுதான் கொத்துக் கொத்தாக எடுக்கிறது. குளிர் இருக்கலாம், மூடுபனி இறங்கக் கூடாது. இறங்கினால் பூவில் சாம்பல் பிடித்துக் கருகிவிடும். வானத்தை மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நான் பார்த்தது போலத்தான் பார்த்தார், தலையை முழுக்க நிமிர்த்தி, ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை. "விடிகாத்தால மூடாது. மீனுங்க நல்லா தெளிவா கீது" என்றார். எழுந்து போனார்.

மணி மூன்றுக்கு மேல் குளிர் வேறு மாதிரி ஆகிறது. அதுவரை தோலில் இருந்தது எலும்பைத் தேடும். பாத்தி ஒவ்வொன்றாக நிறைகிறது, மடையை வெட்டு, அடை, அடுத்தது. சூடு வேலையில்தான். மண்பாதையில் ஒரு பக்கிக் குருவி வந்து உட்கார்ந்தது. டார்ச் பட்டால் அதன் கண் மட்டும் பீடித் தணல் மாதிரி எரியும், உடம்பு மண்ணோடு மண். மேற்கே மூன்று நட்சத்திரமும் இறங்கிவிட்டன. கிழக்கே தென்கோடியில் தேள் ஏறுகிறது, கேட்டை முன்னால். நேர் தெற்கே தென்னைகளுக்கு மேல் தென்சிலுவை நிமிர்ந்து நிற்க, வடக்கே ஏழு முனிவரும் உயரத்தில். இரவு ஆரம்பிக்கும்போது இருந்த வானம் இல்லை இது. வைகாசி, ஆனி மாதத்து முன்னிரவில் வியர்வையோடு பார்க்கிற நட்சத்திரங்கள், தையின் விடியலில் பனிக்குல்லாவோடு.

அடுத்த வருடம் இதெல்லாம் எப்படி என்று தெரியாது. அண்ணன் சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் வாங்கிவிட்டான். போர்வைக்குள்ளிருந்தே போன் செய்தால் மோட்டார் ஓடும். தக்காளிப் பக்கம் ஏற்கெனவே சொட்டுநீர். கடலைக்கும் தெளிப்பான் போட மானியத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். போட்டுவிட்டால் மடை திருப்ப ஆள் வேண்டாம். அவன் முதுகுக்கு அது நல்லது, மாமாவின் கேழ்வரகுக்கும் நல்லது. நான் அவனிடம் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

கடைசிப் பாத்தி பாதி நிறைந்திருக்கும்போது நாலு முப்பத்திரண்டுக்குக் கரண்ட் போனது. ஐந்தரை மணி நேரம் காதில் இருந்த மோட்டார் சத்தம் நின்றபோதுதான் அது இருந்ததே தெரிந்தது. குழாய் ஒரு முறை உறிஞ்சியது. வாய்க்காலில் இருந்த தண்ணீர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, மெதுவாக, இன்னும் மெதுவாக. பாதிப் பாத்திக்கு அது போதுமா என்று பார்க்க மம்முட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். காலுக்கடியில் வெதுவெதுப்பு போய்க்கொண்டிருந்தது. ஒரு சாண் குறைவாக நின்றுவிட்டது. அந்த ஒரு சாணுக்கு நாளை இரவு மறுபடி வர வேண்டும்.